மருந்து கிடைத்துவிட்டது, பரிசோதனை எப்போது தோட்டத்திற்கு வரும்?

உலகமே அஞ்சிய ஒரு கிருமிக்கு எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கிராமம் ஒன்றின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதுதான் நிப்பா. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பின்னர் சிரம்பானை அடுத்த சிக்காமாட், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களுக்கும் பரவியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை விளங்கியது. அதற்குள் நோய் வேரூன்றியிருந்தது. மொத்தம் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் இறந்தனர். ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

நிப்பா வந்தது ஊருக்கே தெரிந்தது. பத்திரிகை எழுதியது, இராணுவம் வந்தது, அரசாங்கம் அசைந்தது. அதே மாநிலத்தில், அதே நாட்டில், இன்னொரு கிருமி சத்தமே இல்லாமல் மனிதர்களின் கல்லீரலுக்குள் இருபது, முப்பது ஆண்டுகள் குடியிருக்கிறது. அதற்கு ஊரடங்கு இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. அதன் பெயர் ஹெப்பாடைட்டிஸ் சி. இதில் வேதனை என்னவென்றால், நிப்பாவுக்கு இன்றுவரை உறுதியான மருந்து இல்லை. ஹெப்பாடைட்டிஸ் சி-க்கு இருக்கிறது. அந்த மருந்துக்கான போராட்டத்தில் மலேசியா உலகுக்கே முன்மாதிரியாக நின்றிருக்கிறது. இருந்தும், நோய் இருப்பதே தெரியாமல் நம் மக்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்கள் அறிய வேண்டியது இதைத்தான்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். ஹெப்பாடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. ஏ வகை அசுத்தமான உணவாலும் நீராலும் வரும். பெரும்பாலும் தானாகவே குணமாகும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. ஆகவே இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொண்டவர்கள். சி வகைக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. அந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு ஆறு மாதத்திற்குள் அது தானாகவே உடலை விட்டு நீங்கிவிடும். மற்ற 7 பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சிலருக்கு அசதி மட்டும் இருக்கும். பால்மரம் வெட்டுகிறவர், செம்பனைக் குலை அறுக்கிறவர், லாரி ஓட்டுகிறவர் யாரும் அசதிக்காக மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் உள்ளே கல்லீரல் மெல்ல மெல்லத் தழும்பேறுகிறது. நிரந்தரமாகத் தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குப் பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், இரத்த வாந்தி வரும், கல்லீரல் புற்றுநோயும் வரலாம். கண் மஞ்சளாகி மருத்துவமனைக்குப் போகும்போது காலம் கடந்திருக்கும். உலகில் சுமார் 5 கோடிப் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள். 2022-இல் மட்டும் இதனால் ஏறத்தாழ 2 லட்சத்து 42 ஆயிரம் பேர் இறந்ததாக அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

மலேசியாவின் நிலை என்ன? 2009-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஆய்வாளர்கள் செய்த கணக்கீட்டின்படி, 15 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில் 2.5 விழுக்காட்டினர், அதாவது சுமார் 4 லட்சத்து 53 ஆயிரம் பேர் இக்கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் தொற்றியது. மற்றவர்களுக்கு? சோதிக்கப்படாத இரத்தம் ஏற்றிக்கொண்டது, சரியாகச் சுத்தம் செய்யாத மருத்துவ ஊசி, பச்சை குத்தும் ஊசி, பிறர் பயன்படுத்திய சவர பிளேடு எனப் பல வழிகள். தாயிடமிருந்து குழந்தைக்கும் சில வேளைகளில் வரும். சுருங்கச் சொன்னால், ஒருவரின் இரத்தம் இன்னொருவரின் இரத்தத்தோடு சேரும் எந்த வழியாகவும் வரலாம். முடிதிருத்தும் கடையின் பிளேடானாலும், காது குத்தும் ஊசியானாலும், திருவிழாவில் அலகு குத்தும் வேலானாலும் விதி ஒன்றே: தோலைத் துளைக்கும் பொருள் புதியதாகவோ முறையாகக் கிருமி நீக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

எப்படி வராது என்பதும் அதே அளவு முக்கியம். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கட்டிப்பிடித்தால் வராது. ஒரே கழிவறையைப் பயன்படுத்தினால் வராது. கொசு கடித்தும் வராது. நோய் உள்ளவருக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைப்பது பாதுகாப்பு அல்ல, அவமதிப்பு.

அவமதிப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். தோட்டப்புறத்தில் இந்த நோயை மறைத்து வைப்பது கிருமி மட்டுமல்ல, வெட்கமும்தான். "ஈரல் கெட்டுப் போச்சு" என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் நம் வாயில் முதலில் வரும் பதில் "குடிச்சிருப்பார்" என்பதுதான். கள்ளும் சம்சுவும் தோட்டக் குடும்பங்களைச் சீரழித்த வரலாறு பொய்யல்ல. குடி கல்லீரலைக் கெடுக்கும் என்பதும், ஹெப்பாடைட்டிஸ் சி உள்ளவர் குடித்தால் கல்லீரல் இன்னும் விரைவாகக் கெடும் என்பதும் உண்மை. ஆனால் 'கல்லீரல் நோய் என்றால் குடி' என்ற ஒரே சூத்திரம் இரண்டு தீங்குகளைச் செய்கிறது. குடிக்காதவர் "எனக்கு ஏன் வரப்போகிறது" என்று பரிசோதனைக்குப் போவதில்லை. குடிப்பவர் "எல்லாம் நான் தேடிக்கொண்டதுதான்" என்று போவதில்லை. இருவரிடமும் இருக்கக்கூடிய கிருமியை யாரும் தேடுவதில்லை.

போதை ஊசியிலும் இதே கதைதான். இளவயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து சில முறை ஊசி போட்டுவிட்டு, பிறகு திருந்தி, மணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அப்பாக்கள் நம் சமூகத்தில் இல்லையா? அந்தப் பழைய நாளை அவர்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கிருமியோ அந்த நாளை மறக்கப்போவதில்லை. ஆகவே "உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்கும் சமூகமாக நாம் இருக்கும்வரை "சோதித்துப் பார்க்கிறேன்" என்று யாரும் முன்வரமாட்டார்கள்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். மலேசியர் என்ற முறையில் நாம் பெருமைப்பட வேண்டிய கதை இது. முன்பு இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிகிச்சை, கடுமையான பக்கவிளைவுகள், பலருக்குப் பலனும் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இது கிருமி பெருகுவதையே நேரடியாகத் தடுக்கும். வேறொரு மாத்திரையோடு சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம் விழுங்கினால் போதும். 95 விழுக்காட்டினருக்கும் மேல் குணமாகிறார்கள். ஆனால் அங்கு ஒரு மாத்திரையின் விலை 1,000 அமெரிக்க டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர்.

மருந்தைத் தயாரித்த கிலியட் நிறுவனம், ஏழை நாடுகள் மலிவு விலைப் பிரதிகளை வாங்குவதற்கு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் தந்தது. அந்தப் பட்டியலில் முதலில் மலேசியா இல்லை. நாம் 'உயர் நடுத்தர வருமான நாடு' என்பது காரணம். நாட்டின் சராசரி வருமானத்தைப் பார்த்து விலை வைத்தால் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறது. பணக்கார நாட்டின் விலையைக் கொடுக்கவும் முடியாது, ஏழை நாட்டின் விலை கிடைக்கவும் கிடைக்காது என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் நாம் இருந்தோம்.

2017 செப்டம்பரில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ்.சுப்பிரமணியம். 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அரசாங்கத்திற்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை பெற்றவரின் சம்மதத்திற்குக் காத்திராமல் சோஃபோஸ்புவிரின் மலிவு விலைப் பிரதியை அரசாங்க மருத்துவமனைகளுக்குத் தருவிக்க முடிவெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஹெப்பாடைட்டிஸ் சி மருந்துக்கு இப்படிப்பட்ட நடவடிக்கை எடுத்த முதல் நாடு மலேசியா. பேச்சு சூடுபிடித்த அதே காலக்கட்டத்தில், 2017 ஆகஸ்டில், கிலியட்டும் தன் மலிவு விலை உரிமப் பட்டியலில் மலேசியாவைச் சேர்த்துக்கொண்டது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது.

இத்தோடு முடியவில்லை. மருந்தை வாங்கும் நாடாக மட்டுமின்றி, ஆராய்ச்சி செய்யும் நாடாகவும் மலேசியா இதில் இறங்கியது. இலாப நோக்கமற்ற டிஎன்டிஐ என்ற மருந்து ஆய்வு அமைப்பு, எகிப்தின் ஃபார்கோ நிறுவனம், நம் சுகாதார அமைச்சு, தாய்லாந்து மருத்துவர்கள் ஆகியோர் சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தைச் சோஃபோஸ்புவிரோடு சேர்த்துச் சோதித்தார்கள். மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் இந்த ஆய்வில் பங்கெடுத்தார்கள். 97 விழுக்காட்டினர் குணமடைந்ததாக 2018-இல் முடிவு வெளியானது. மற்ற மருந்துகளுக்குக் கொஞ்சம் அடங்காத 3-ஆம் மரபணு வகைதான் நம் நாட்டில் அதிகம்; அதையும் இது குணப்படுத்தியது. 2021 ஜூனில் ராவிடாஸ்விரை உலகிலேயே முதலில் மலேசியா பதிவு செய்தது.

மாணவ நண்பர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மருந்து இருக்கிறது. விலை குறைந்துவிட்டது. சிகிச்சை இலவசம். பிறகு ஏன் நோய் இன்னும் இருக்கிறது? தனக்கு நோய் இருப்பது தெரியாதவருக்கு இலவச மருந்து இருந்தும் பயனில்லை. பூட்டிய வீட்டிற்குச் சாவி கிடைத்துவிட்டது. எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பரிசோதனை கடினமானதல்ல. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். சில நிமிடங்களில் முதல் முடிவு தெரிந்துவிடும். அந்த முடிவு 'கிருமி எப்போதாவது உடலுக்குள் வந்ததா' என்பதை மட்டுமே சொல்லும். இப்போதும் இருக்கிறதா என்பதை அறிய இரண்டாவது இரத்தப் பரிசோதனை தேவை. முதல் முடிவைப் பார்த்துப் பயந்து இரண்டாவதுக்கு வராமல் போகிறவர்கள் உலகெங்கும் உண்டு. இந்த இடைவெளியைக் குறைக்கவே, மருத்துவமனைக்கு வெளியே சுகாதாரக் கிளினிக்குகளிலும் விரைவுப் பரிசோதனை செய்யும் திட்டம் நம் நாட்டில் 2018-இல் 25 கிளினிக்குகளில் முயன்று பார்க்கப்பட்டது. பாதை போடப்பட்டிருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் நீண்டு, லயத்து வாசல்வரை வரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஏன் லயத்து வாசல்வரை? சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை நல்ல மருத்துவமனைதான். ஆனால் பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கு போய்வர ஒரு முழுநாள் ஆகும். நாள் கூலிக்கோ ஒப்பந்தத்திற்கோ உழைப்பவருக்கு அது ஒருநாள் வருமான இழப்பு. வலிக்கிற நோய்க்கே தயங்குகிறவர், வலியே இல்லாத நோய்க்காகக் கூலியை விடுவாரா? கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம் என்பது உண்மை. அந்த ஒரு ரிங்கிட்டைக் கொடுக்கப் போவதற்கு ஆகும் செலவே பெரிது.

'வீடு தேடிப் போவதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்பவர்களுக்கு எகிப்து பதில் சொல்லியிருக்கிறது. முன்பு ஒரு காலத்தில், நத்தைக் காய்ச்சலுக்கான அரசாங்கச் சிகிச்சை முகாம்களில் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதால் அந்நாட்டில் ஹெப்பாடைட்டிஸ் சி காட்டுத்தீயாகப் பரவியது. அதே அரசாங்கம் 2018 அக்டோபரில் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கி, ஏழே மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தது. நோய் உள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சை தந்தது. 2023-இல் இந்நோயை ஒழிக்கும் பாதையில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடாக எகிப்தை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. எகிப்து நம்மைவிடப் பணக்கார நாடல்ல. நெகிரி செம்பிலானின் தோட்டங்களை எண்ணி முடிப்பது அவ்வளவு பெரிய வேலையுமல்ல.

இங்கே கீழாநெல்லியைப் பற்றியும் பேசியாக வேண்டும். மஞ்சள் காமாலை என்றால் நம் பாட்டிமார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். இதை அறிவியல் கேலி செய்ததில்லை, சோதித்துப் பார்த்தது. சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு செய்த ஆய்வு, 1988-இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி-யின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகம் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் பிற இடங்களில் பின்னர் செய்த ஆய்வுகளில் அதே பலன் உறுதிப்படவில்லை. ஒரு முறை கிடைத்த முடிவு மறுமுறையும் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மேலும் அந்த ஆய்வு பி கிருமியைப் பற்றியது, சி பற்றியதல்ல. ஆகவே பாட்டியோடு சண்டை போட வேண்டாம். "கீழாநெல்லி இருக்கட்டும் பாட்டி, முதலில் இரத்தத்தைச் சோதித்துவிடுவோம்" என்று சொல்லுங்கள்.

அதைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் அறிவியல் படித்தவர்கள் நாம். மலாயில் 'ஹாத்தி' என்றால் கல்லீரல்; மனமும் 'ஹாத்தி'தான். 'சாக்கிட் ஹாத்தி' என்றால் மனம் புண்படுவது. கிளினிக் சுவரொட்டிகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு அந்தச் சுவரொட்டி என்ன சொல்லும்? இரண்டு மொழியையும் சுமக்கும் நாம் மதிப்பெண்ணுக்காக மட்டும் அவற்றைச் சுமப்பது போதாது.

நம் கோரிக்கைகள் மூன்று. மாநிலச் சுகாதார இலாகா, நடமாடும் பரிசோதனைக் குழுக்களை ஓய்வு நாள்களில் தோட்டங்களுக்கும், தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வாழும் தாமான்களுக்கும் அனுப்ப வேண்டும். முதல் சோதனையில் கிருமியின் தடயம் தெரிந்தவருக்கு இரண்டாவது சோதனைக்கான இரத்தத்தை அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் போகிறவர்களின் அன்றைய கூலியைப் பிடிக்கக்கூடாது. ஆலய நிர்வாகங்கள், திருவிழா நாளில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை மேசைக்கும் இடம் தர வேண்டும். கூட்டத்தில் ஒருவராகச் சோதித்துக்கொள்ளும்போது யாருக்கும் வெட்கம் இருக்காது.

மாணவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம், குறிப்பாக முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம், பச்சை குத்தியவர்களிடம், 'வாழ்நாளில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். எப்படி வந்திருக்கும் என்று துருவக்கூடாது. வேண்டுமானால் கிளினிக்கிற்குத் துணைக்குப் போக வேண்டும். நோய் உறுதியானால், 12 வாரமோ, கல்லீரல் இறுகியிருந்தால் மருத்துவர் சொல்லும் கூடுதல் காலமோ, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வைப்பதும் நம் பொறுப்பு. குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம். கல்லீரல் ஏற்கெனவே இறுகியவர் குணமான பிறகும் புற்றுநோய்ச் சோதனையைத் தொடர வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

ஜூலை 28 உலக ஹெப்பாடைட்டிஸ் தினம். அது பிளம்பெர்க்கின் பிறந்தநாள். 2030-க்குள் இந்நோயை மக்கள் சுகாதாரத்திற்கு மிரட்டலாக இல்லாத நிலைக்குக் கொண்டுவர உலக நாடுகள் உறுதி எடுத்திருக்கின்றன. அந்தத் தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் எந்த நாளில், எத்தனை மணிக்கு ஹெப்பாடைட்டிஸ் சி பரிசோதனை செய்கிறார்கள் என்று கேட்டறிந்து வாருங்கள். அந்த நாளையும் நேரத்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, உங்கள் தோட்டத்து மளிகைக்கடையில் ஒட்டுங்கள்.